ராட்டினத்தில் ஏறாதவர்களையும் எண்ணுங்கள்: கேளிக்கைப் பூங்காவில் கூட்டம் நகரும் விதத்தைக் கணக்கிடத் தொடங்குவோருக்கு

மே மாதம், மதியம் இரண்டு மணி, ஊட்டியில் ஒரு கேளிக்கைப் பூங்கா. கொலம்பஸ் கப்பலுக்கு நிற்கும் வரிசை வளைந்து வளைந்து பஜ்ஜிக் கடை வரை வந்துவிட்டது. நாற்பது அடி தள்ளி குதிரை ராட்டினம் பாதி காலியாகச் சுற்றுகிறது. மறுநாளும் இதே காட்சி. ஆட்களைக் கேட்டால் "சீசன்ல அப்படித்தாங்க" என்பார்கள். எண்ணிப் பார்க்காத வரை அந்தப் பதிலைத் தாண்டிப் போக முடியாது.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலைக்கு எத்தனை வண்டி ஏறியது என்பது இதில் தெரியும். ஏறி வந்தவர்கள் எங்கே காத்துக் கிடந்தார்கள், யாரோடு சுற்றினார்கள் என்பதை அந்தந்த இடத்துக்காரர்கள்தான் எண்ண வேண்டும்.

நான் ஒரு சின்னப் பூங்காவில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, பிறகு அதே இடத்தில் கணக்குப் பார்க்க வந்தவன். கீழே சொல்வதற்கு எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். எடுத்துக்காட்டுகளில் வரும் எண்கள் கணக்கைப் புரியவைக்க நான் போட்டவை.

முதல் படி: ஒரே ஒரு கேள்வி

"கூட்டத்தை ஆராய வேண்டும்" என்று தொடங்கினால் ஒரு வாரத்தில் சலித்துப்போகும். "மதியம் கொலம்பஸில் ஏன் நெரிசல்?" என்று ஒரு கேள்வியைத் தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். அதற்கு உதவாத எண்ணைச் சேகரிக்காதீர்கள்.

இரண்டாம் படி: மூன்று பத்தி, கூடவே ஒன்று

நேரம், வளைய எண், இடம். ஷீட்டில் மேலிருந்து கீழாக வரும் இந்த மூன்று பத்திகள்தான் அடிப்படை. கையில் கட்டும் வளையத்தை ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஸ்கேன் செய்கிற பூங்கா என்றால் இவை தாமாகவே கிடைக்கும். வளையம் இல்லையென்றால் ஐந்து இடங்களில் ஐந்து பேரைத் தாளும் பென்சிலுமாக நிறுத்துங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறை. இதில் தனி ஆளின் பாதை தெரியாது; எங்கே, எப்போது, எவ்வளவு கூட்டம் என்பது தெளிவாகத் தெரியும்.

மலையில் நாலாவது பத்தி ஒன்று கட்டாயம்: வானிலை. வெயில், மேகமூட்டம், மூடுபனி, மழை என்று அரை மணிக்கு ஒருமுறை கையால் எழுதுங்கள். மூடுபனி இறங்கினால் ஜெயன்ட் வீல் காலியாகும், மழை வந்தால் கூரையுள்ள டேஷிங் காருக்கு முன்னால் எல்லோரும் ஒண்டுவார்கள். இந்தப் பத்தி இல்லாமல் இரண்டு நாட்களை ஒப்பிட்டால், மழையின் வேலையை உங்கள் ஏற்பாட்டின் வேலை என்று நினைத்துவிடுவீர்கள்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களைப் பின்தொடர்வதையும் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறது. பூங்காவுக்கு வருபவர்களில் பாதிப் பேர் குழந்தைகளாக இருக்கும்போது இதை ஓரத்தில் தள்ள முடியாது. வளைய எண்ணுக்கும் டிக்கெட் வாங்கியவரின் பெயருக்கும் கைபேசி எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. எண்கள் தினமும் மாற வேண்டும். இன்னார் என்று கண்டுபிடிக்க வழியிருக்கும் ஏற்பாடு என்றால் தனி ஆள் பாதையே வேண்டாம், தலை எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கடிகாரத்தைச் சரிபார்த்தல்

ஒருமுறை எங்கள் பதிவில் சில குழந்தைகள் பூங்காவின் வாசலுக்குள் நுழைவதற்கு முன்பே டேஷிங் கார் ஓட்டியிருந்தார்கள்! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அந்த ஸ்கேனரின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது தெரிந்தது. அதுவரை போட்டு வைத்திருந்த காத்திருப்பு நேரக் கணக்கெல்லாம் குப்பைக்குப் போனது. காலையில் கதவு திறக்கும் முன் ஒரே வளையத்தை எல்லா வாசல்களிலும் ஸ்கேன் செய்துகொண்டே கைபேசி நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தை மாலையில் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம்.

ஒரே வளையம் ஒரே வாசலில் பத்து நொடிக்குள் இரண்டு முறை பதிவானால் ஒன்றை நீக்குங்கள். வேறு எதையும் அவசரப்பட்டு நீக்க வேண்டாம்.

நான்காம் படி: வாசலைப் பாருங்கள், பிறகு ஒரே ஒரு ஆளை

முதலில் நுழைவு வாசலின் மணிவாரி எண்ணிக்கையை வரைபடமாகப் போடுங்கள். மேடும் பள்ளமும் வரும். அந்த மேடுகளுக்குக் காரணம் பெரும்பாலும் சாலையில் இருக்கிறது. பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஆகவே மைசூரு பக்கமிருந்து வருபவர்கள் காலையில் ஒரே அலையாக வருவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏறி மதியத்தை ஒட்டித்தான் ஊட்டி சேரும். கோவைப் பக்கமிருந்து வருகிறவர்களில் சிலர் குன்னூரில் சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு மேலே வருவார்கள். உள்ளே ஒரு ராட்டினத்தை மாற்றியும் சரியாகாத நெரிசல் இப்படி மலைக்குக் கீழேயிருந்து வருவதாக இருக்கலாம்.

அடுத்து, பட்டியலை வளைய எண்ணின்படியும் அதற்குள் நேரத்தின்படியும் வரிசைப்படுத்துங்கள். ஒரு எண்ணை எடுத்து அவருடைய நாளைக் கதை போல வாசியுங்கள்: 11.05 வாசல், 11.20 ஜெயன்ட் வீல், 11.50 டேஷிங் கார், பிறகு ஒன்றரை மணி நேரம் எதுவும் இல்லை, 1.25 கொலம்பஸ். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போனது? சாப்பாடா, மழைக்கு ஒதுங்கினாரா, குழந்தை அழுததா? இப்படி இருபது பேரையாவது வாசிக்காமல் மொத்தக் கணக்குக்குப் போகாதீர்கள். எந்த ஃபார்முலாவை விடவும் இதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஐந்தாம் படி: காத்திருப்பு நேரம்

1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி இங்கே கைகொடுக்கும். வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கை, நிமிடத்துக்கு வந்து சேர்பவர்களின் எண்ணிக்கையைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். திருப்பிப் போட்டால், வரிசையில் நிற்கும் தலைகளை நிமிடத்துக்கு ஏறுபவர்களால் வகுத்தால் காத்திருப்பு நேரம் கிடைக்கும்.

கொலம்பஸில் 40 இருக்கை. ஆளை ஏற்றி, ஆட்டி, இறக்க 8 நிமிடம். அப்படியென்றால் நிமிடத்துக்கு 5 பேர். வரிசையில் 100 பேர் என்றால் 20 நிமிடம்.

நேரில் போய்ப் பார்த்தால் 25 நிமிடம் ஆகும். ஏனென்று ஒருநாள் இருக்கைகளை எண்ணுங்கள். நான்கு பேர் உட்காரும் வரிசையில் மூன்று பேர் குடும்பம் ஏறினால் நாலாவது இடத்தில் அடுத்த குடும்பத்துப் பிள்ளையை யாரும் தனியாக உட்கார வைப்பதில்லை. ஜெயன்ட் வீலில் தேனிலவுக்கு வந்த ஜோடி நான்கு பேர் பெட்டியை இரண்டு பேராக எடுத்துக்கொள்ளும். 40 இருக்கையில் 32 பேர்தான் ஏறுகிறார்கள் என்றால் நிமிடத்துக்கு 4 பேர். காத்திருப்பு 25 நிமிடம். இயந்திரத்தின் கொள்ளளவு கம்பெனி எழுதிக் கொடுத்த தாளில் ஒன்றாக இருக்கும். வரும் கூட்டம் எத்தனை பேர் எத்தனை பேராகச் சேர்ந்து வருகிறது என்பதைப் பொறுத்து நடைமுறையில் வேறாகும். குழுவைக் கணக்கில் எடுக்க வேண்டிய காரணம் இதுதான்.

ஆறாம் படி: எங்கிருந்து எங்கே

வரிசைப்படுத்திய பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேருங்கள். மேல் வரியில் உள்ள வளைய எண்ணும் இந்த வரியின் எண்ணும் ஒன்றானால் மேல் வரியின் இடத்தை இதில் எழுது. இல்லையென்றால் வெற்றாக விடு. 'இஃப்' ஃபார்முலா ஒன்று போதும். இப்போது ஒவ்வொரு வரியிலும் முந்தைய இடம், இப்போதைய இடம் இரண்டும் இருக்கும். பட்டியலை வகை வாரியாக எண்ணித் தொகுத்துத் தரும் பிவட் டேபிளில் முந்தையதை வரியாகவும் இப்போதையதை நெடுக்காகவும் போட்டால் எங்கிருந்து எங்கே எத்தனை பேர் போனார்கள் என்ற அட்டவணை வந்துவிடும். வெயில் நேரத்துக்கு ஒன்று, மூடுபனிக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று பிரித்தே போடுங்கள்.

ஏழாம் படி: யார் யாரோடு

ஒரே ராட்டின வாசலில் இரண்டு நிமிடத்துக்குள் பதிவான இரண்டு எண்களை "சேர்ந்து வந்தவர்கள்" என்று ஒரு சந்திப்பாகக் குறியுங்கள். ஆனால் வரிசையில் முன்னும் பின்னும் நின்ற அந்நியர்களும் இதில் மாட்டுவார்கள். அதற்கு 1901-இல் பால் ஜாக்கார்ட் என்ற தாவரவியலாளர் வெவ்வேறு இடங்களின் செடி வகைகளை ஒப்பிடப் பயன்படுத்திய விகிதம் உதவும். ஒருவர் 8 இடம் போனார், மற்றவர் 7 இடம், சேர்ந்து போனது 6. இருவரும் சேர்ந்தோ தனியாகவோ போன மொத்தம் 8 + 7 − 6 = 9. ஆறை ஒன்பதால் வகுத்தால் 0.67. குறைந்தது நான்கு சந்திப்பும் 0.5-க்கு மேல் விகிதமும் இருந்தால் ஒரே குழு என்று வைத்துத் தொடங்கலாம். இந்த எல்லைகளை உங்கள் பூங்காவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு ஜோடிகளைக் கோக்க வேண்டும். அவரும் இவரும் ஒரு குழு, இவரும் இன்னொருவரும் ஒரு குழு என்றால் மூவரும் ஒன்று. இதில் ஒரு வழுக்கல் உண்டு. பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ் ஒன்று வந்த நாளில், இடையில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் வழியாக இரண்டு பள்ளிகள் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் கொண்ட ஒரே "குடும்பம்" வந்துவிடும். நுழைவு வாசலிலும் மூன்று நிமிடத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் இது பெருமளவு விலகும்.

குழுக்கள் பிரிந்து சேரும் விதமும் வேறுபடும். ஐ.வி. (தொழிற்சாலைப் பார்வை) என்று சுற்றுலா வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஐம்பது பேராக நுழைந்து சற்று நேரத்தில் நாலைந்து பேராகச் சிதறி, பஸ் கிளம்பும் நேரத்தில் வெளி வாசலில்தான் மறுபடி ஒன்றாகிறார்கள். குடும்பம் அப்படியில்லை, இவ்வளவு உயரம் இருந்தால்தான் ஏறலாம் என்னும் உயரப் பலகைதான் அதைப் பிரிக்கிறது. பெரியவன் கொலம்பஸுக்கு, சின்னவள் குதிரை ராட்டினத்துக்கு. அந்த இரண்டும் பூங்காவின் இரண்டு மூலையில் இருந்தால் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்.

கணக்கு முடிந்ததும் பத்துக் குழுக்களை நேரில் பார்த்துச் சரிபாருங்கள். வேறு பதிவில் பழக வேண்டுமென்றால், 2015 வாஸ்ட் சேலஞ்ச் என்ற தரவு ஆய்வுப் போட்டிக்காக உருவாக்கிய 'டைனோஃபன் வேர்ல்டு' என்ற கற்பனைப் பூங்காவின் மூன்று நாள் நடமாட்டப் பதிவு இருக்கிறது. பெரிய கோப்பு, அதற்கு எக்செல் திணறும், பைத்தான் போன்ற நிரல் மொழி வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: கம்பிக்கு வெளியே

இவ்வளவு செய்த பிறகும் எங்கள் குழுக்கள் மூன்று பேர், மூன்று பேர் என்றே வந்துகொண்டிருந்தன. வாசலில் பார்த்தால் ஐந்து பேராக வருகிறார்கள். ஒரு நாள் கொலம்பஸ் பக்கத்தில் நின்றபோது, தோளில் நாலு பை, கையில் யாருடையதோ ஸ்வெட்டர், ஒரு பாட்டி கம்பிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நீங்கள் ஏறலையா என்றேன். "நான் எங்கே கண்ணு ஏறறது, எல்லாஞ் செருப்பையும் பையையும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருச்சுங்க. கால்தான் கடுக்குது" என்றார்.

அவருடைய வளையம் காலையில் வாசலில் ஒரு முறை பதிவானது. அதன் பிறகு எங்கள் பதிவில் அவர் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் எப்போது கிளம்பும் என்பதை முடிவு செய்தது அவருடைய கால்தான். அதுவரை நான் "குறைவாகப் பயன்படுத்துபவர்கள்" என்று ஒதுக்கியிருந்த ஒற்றைப் பதிவு எண்களெல்லாம் இப்படிப்பட்டவர்கள்.

ஆகவே ஒரே ஒரு முறை பதிவான எண்களை நீக்காதீர்கள். நுழைந்த நேரத்தையும், வெளி வாசலில் பதிவு இருந்தால் கிளம்பிய நேரத்தையும் வைத்து அவர்களை அவர்களுடைய குழுவோடு சேருங்கள். கூடவே ஒரு ஆளை அனுப்பி, அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு ராட்டினத்தின் கம்பிக்கு வெளியே நிற்பவர்கள் எத்தனை, உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை, கூரைக்கு அடியில் எத்தனை, நனைந்துகொண்டு எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். கையில் குழந்தை வைத்திருப்பவர்களைத் தனியாகக் குறியுங்கள். இந்த எண்ணிக்கையை எந்த ஸ்கேனரும் தராது.

எங்கள் முதல் கேள்விக்கும் பதில் இதிலிருந்துதான் வந்தது. கொலம்பஸுக்கு எதிரே மட்டும்தான் கூரை போட்ட திண்ணை இருந்தது. சாப்பிட்டு முடித்த குடும்பங்கள் பெரியவர்களை உட்கார வைக்க அங்கே வந்தன. வந்த இடத்தில் பிள்ளைகள் கண்ணில் பட்ட வரிசையில் நின்றார்கள்.

ஒன்பதாம் படி: ஒரு மாற்றம், பிறகு மறு எண்ணிக்கை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாங்கள் குதிரை ராட்டினத்தின் பக்கத்தில் கூரையோடு இரண்டு பெஞ்சு போட்டோம். சனிக்கிழமையைச் சனிக்கிழமையோடும், மூடுபனி மதியத்தை மூடுபனி மதியத்தோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். மலர்க் கண்காட்சி வாரத்தைச் சாதாரண வாரத்தோடு வைத்துப் பார்க்காதீர்கள். பெஞ்சு போட்டதிலிருந்து எண்ணிக்கைத் தாளில் "உட்கார்ந்திருப்பவர்கள்" கட்டத்தை அகலமாக வரைய வேண்டியிருக்கிறது. பழைய கட்டத்தில் கோடுகள் அடங்குவதில்லை.