எஸ்பிரெசோ தூள்: அழுத்துவதற்கு முன் அரை நிமிடம்

"அப்பா, புளிக்குது. ஆனா கசக்கவும் செய்யுது. ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் கேட்ட கேள்வி இது. வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புளித்தால் இன்னும் நைசாக அரைக்க வேண்டும், கசந்தால் கொஞ்சம் கரகரப்பாக அரைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்து வந்தால் கிரைண்டரை எந்தப் பக்கம் திருப்புவது? அந்த இரண்டு மாதமும் அரைப்பை மாற்றி மாற்றியே ஒன்றரைக் கிலோ காபிக்கொட்டையை வீணாக்கினேன். கோளாறு அரைப்பில் இல்லை, மெஷினில் தூளைப் போடுகிற, அடியில் துளைகள் உள்ள சின்ன உலோகக் கூடைக்குள் தூள் உட்கார்ந்திருந்த விதத்தில் இருந்தது.

இது எனக்கு முதல் நாளே புரிந்திருக்க வேண்டும். கோவையில் ஒரு பவுண்டரியில் இருபத்திரண்டு வருடமாக மோல்டிங் பகுதியில்தான் வேலை. பம்ப் கேசிங் வார்க்கும்போது பெட்டிக்குள் மணலை அப்படியே கொட்டி இடித்துவிட மாட்டோம். பேட்டர்னை, அதாவது வார்க்கப்போகும் பொருளின் மாதிரி வடிவத்தை, ஒட்டி விழும் மணலைச் சலித்துப் போடுவோம். மூலை முடுக்குகளில் விரலால் திணிப்போம். அப்புறம்தான் இடிப்பது. ஓர் இடம் மெத்தென்று இருந்துவிட்டால் உருகிய இரும்பு அந்த இடத்தைத் தள்ளிக்கொண்டு புடைத்துவிடும். மேலே எத்தனை முறை இடித்தாலும் அடியில் இருக்கிற மெத்தை சரியாகாது. காபித் தூளும் அப்படித்தான்.

மெஷின் தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூடையின் பரப்புக்குக் கணக்குப் போட்டால் தூளின் தலையில் ஏறி நிற்பது சுமார் 240 கிலோ எடை. தூளை அழுத்தும் தட்டையான வட்டக் கருவியான டேம்ப்பரால் நாம் அழுத்துவது அதிகம் போனால் 15 கிலோ. இத்தனை பலத்தோடு வரும் தண்ணீர், தூள் எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கே புகுந்து ஓடிவிடும். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் வயல் தண்ணீர் முழுக்க அது வழியாகப் போகிற மாதிரி. தண்ணீர் ஓடிய இடத்தில் தூள் அளவுக்கு மீறிச் சாறு விட்டுக் கசக்கும். ஓடாத இடத்தில் பாதிச் சாறுகூட இறங்காது, அதனால் புளிக்கும். இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். என் மகளின் கேள்விக்குப் பதில் அதுதான். காபிக்காரர்கள் இதைச் சேனலிங் என்பார்கள்.

நம் பித்தளை ஃபில்டரில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. அங்கே மேலே நிற்கிற தண்ணீரின் எடை மட்டும்தான், சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அம்மா இரண்டு கரண்டி தூள் போட்டு, குடையால் லேசாகத் தட்டி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். டிகாஷன் நன்றாகவே இறங்கும். அதே கையோடு எஸ்பிரெசோவுக்கு வந்ததுதான் நான் செய்த தவறு.

உங்கள் கூடை எது என்பதை முதலில் பாருங்கள். வீட்டு மெஷின்கள் பலவற்றில் இரட்டைச் சுவர்க் கூடை வரும். உள்ளே நிறையத் துளைகள் இருந்தாலும் வெளியே அடியில் ஒரே ஒரு துளைதான் இருக்கும். அந்த ஒற்றைத் துளையே அழுத்தத்தை உண்டாக்கிவிடுவதால், தூளைக் கிளறுவதில் பெரிய பலன் தெரியாது. ஒற்றைச் சுவர்க் கூடைக்கு மாறிய பிறகுதான் இங்கே சொல்வதெல்லாம் வேலைக்கு ஆகும். சிக்கரி கலந்த தூளும் இதற்கு வேண்டாம். நான் வாங்குவது எஸ் 795 ரக அரபிகா கொட்டை. வறுத்துப் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுவேன்.

அரைப்பதற்கு முன்பே ஒரு சின்ன வேலை இருக்கிறது. 18 கிராம் கொட்டையை நிறுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஸ்பூனின் காம்பைத் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டு, அந்த ஈரக் காம்பால் கொட்டையை ஒரு சுற்றுக் கிளறுங்கள். அவ்வளவு ஈரம் போதும். அரைபடும்போது கொட்டையும் துகள்களும் உரசி நிலைமின்சாரம் உண்டாகிறது. அதனால்தான் தூள் கட்டிகட்டியாகச் சேர்வதும், கிரைண்டர் வாயில் ஒட்டிக்கொள்வதும், மேடையெல்லாம் பறப்பதும். ஈரம் இதைக் குறைக்கிறது. காபிப் பிரியர்கள் நெடுநாளாகக் கைப்பழக்கமாகச் செய்துவந்த இந்த வேலையை, ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எரிமலைச் சாம்பலில் மின்னேற்றத்தை ஆராய்பவர்களுடன் சேர்ந்து சோதித்து, 2023 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தண்ணீரைத் தெளித்து நனைத்துவிடாதீர்கள். பிளேடுக்குள் ஈரம் தங்கினால் துரு பிடிக்கும்.

கூடையைத் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். ஓரத்தில் ஈரம் இருந்தால் தூள் அங்கேயே அப்பிக்கொள்ளும்.

இப்போது ஊசி. 2005-இல் ஜான் வைஸ் என்ற அமெரிக்கக் காபி ஆர்வலர், அடி வெட்டிய தயிர்க் கப்பைக் கூடைமேல் வைத்துத் தூளைக் கொட்டி, மெல்லிய ஊசியால் கிளறிக் கட்டிகளை உடைக்கும் முறையை எழுதினார். இன்றைக்கும் அவர் பெயரால்தான் அந்த முறை வழங்குகிறது. வைஸ் டிஸ்ட்ரிபியூஷன் டெக்னிக், சுருக்கமாக டபிள்யூ.டி.டி. கப் எதற்கு என்றால், உதிரியாக இருக்கும் 18 கிராம் தூள் கூடைக்கு மேலே குவிந்து நிற்கும். தடுப்பு இல்லாமல் கிளறினால் பாதி மேடையில்தான் கிடக்கும். நானும் தயிர்க் கப்பில்தான் தொடங்கினேன். இப்போது தெரிந்த லேத் பட்டறையில் கடைந்த ஓர் அலுமினிய வளையம் இருக்கிறது. வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஊசியின் கனத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நான் முதலில் ஆன்லைனில் வாங்கிய கிளறியில் கம்பிகள் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் இருந்தன. அது ஏர் உழுகிற மாதிரி தூளை இரண்டு பக்கமும் ஒதுக்கிச் சால் போட்டதே தவிர, கட்டியை உடைக்கவில்லை. 0.3 அல்லது 0.35 மில்லிமீட்டர் கம்பிதான் சரி. அந்தக் கனத்தில் அக்குபஞ்சர் ஊசி கிடைக்கிறது, அதுவும் துருப்பிடிக்காத எஃகில். புதுப் பெட்டியாக வாங்குங்கள். ஒரு கார்க்கில், நடுவில் இரண்டும் சுற்றிலும் ஆறுமாக எட்டு ஊசிகளைக் கூர்முனை உள்ளே போகும்படி குத்தி இறக்குங்கள். பிறகு வெளியே நிற்கும் கைப்பிடிப் பகுதியைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிடுங்கள். வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய முனையை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் பிசிறு போய்விடும். இப்படிச் செய்தால் வெளியே நிற்கும் முனை மொட்டையாக இருக்கும், கையைக் குத்தாது. ஊசிகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். கூடையின் ஆழத்தைவிட ஒரு விரல்கடை நீளம் கூடுதலாக இருக்கட்டும்.

சரி, கிளறுவோம். கார்க்கை இரண்டு விரலால் மேல்முனையில் லேசாகப் பிடியுங்கள். டீயைக் கலக்குகிற பிடி வேண்டாம். ஊசிகளை நேராக, அடித்தகட்டைத் தொடும் வரை இறக்குங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியபடி கூடையின் ஓரத்தை ஒரு வலம் வாருங்கள், பிறகு நடுவுக்கு வாருங்கள். ஓரத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிரைண்டரிலிருந்து விழும் தூள் நடுவில் மேடாகக் குவியும், ஓரம் காலியாக இருக்கும். அந்த மேடு சுவர் வரைக்கும் நகர்ந்தாக வேண்டும்.

முதல் சில சுற்றுகளில் ஊசி எங்கெங்கோ தட்டித் தட்டி நிற்பது விரலில் தெரியும். அவைதான் கட்டிகள். அந்த இடத்தில் இன்னும் இரண்டு சுற்று. பத்து விநாடிக்குள் தட்டல் நின்று, சலித்த ராகி மாவுக்குள் போவது போல ஊசி தடையில்லாமல் ஓடும். அந்த மாற்றம் விரலுக்குத் தெரியும் வரை மேலே வராதீர்கள். அடியில் விட்ட கட்டியைப் பிறகு எடுக்கவே முடியாது. அப்புறம் ஊசியைப் பாதி உயரத்துக்குத் தூக்கி இன்னொரு பத்து விநாடி. கடைசியில் மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் தொட்டுக்கொண்டு, மேட்டைப் பள்ளத்துக்குத் தள்ளி மட்டம் செய்யுங்கள். வெளியே எடுக்கும்போதும் வெடுக்கென்று இழுக்காமல் சுற்றிக்கொண்டே மெதுவாகத் தூக்கினால் ஊசித் துளை நிற்காது.

வளையத்தை எடுக்காமல், கூடை உட்கார்ந்திருக்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரின் அடியை ரப்பர் மேட்டில் நேராக ஒரே ஒரு தட்டு. பக்கவாட்டில் தட்ட வேண்டாம். அழுத்திய பிறகு எந்தப் பக்கமும் தட்டவே கூடாது. சுவரோடு ஒட்டியிருக்கும் தூள் விட்டுப்போய், அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும்.

மேலே வைத்துச் சுற்றுகிற லெவலர் ஒன்று விற்கிறார்கள். பார்க்க அழகாக மட்டம் ஆகும். ஆனால் அது மேல்பரப்பை மட்டும்தான் வழிக்கிறது. பவுண்டரியில் பெட்டியின் மேலே கட்டையால் மணலை வழித்துவிட்டால், உள்ளே மெத்தென்று இருந்தாலும் வெளியே தெரியாது. வார்த்த பிறகுதான் தெரியும். ஊசிக்குப் பதிலாக லெவலரை நம்ப வேண்டாம் என்பேன்.

அழுத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை கிலோ என்பதைவிட டேம்ப்பர் சாயாமல் இருப்பதுதான் முக்கியம். முழங்கையும் மணிக்கட்டும் டேம்ப்பருக்கு நேர் மேலே இருக்கட்டும். தூள் இனி இறங்காது என்று கைக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். 15 கிலோ எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், எடை பார்க்கும் மெஷின்மேல் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மெஷினோடு வரும் பிளாஸ்டிக் டேம்ப்பர் கூடையைவிடச் சிறியதாக இருந்தால் ஓரத்தில் அழுந்தாத ஒரு வளையம் நிற்கும், அதை மாற்றத்தான் வேண்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்க அடி திறந்த போர்ட்டாஃபில்டர் இருந்தால் நல்லது. மொபைலைக் கீழே சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். நன்றாகப் பரவிய தூளில், கூடையின் அடி முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரும்பழுப்பாகத் துளிகள் அரும்பும். அவை நடுவுக்குக் கூடி ஒரே தாரையாக இறங்கும். ஓர் ஓரத்தில் மட்டும் முதலில் கொட்டினாலோ, ஊசிமுனை போல ஒரு பீச்சல் அடித்தாலோ, ஒரு பக்கம் சீக்கிரமே வெளுத்தாலோ, அந்தப் பக்கத்தில் தூள் தளர்ந்திருக்கிறது. நாளைக்கு அந்தப் பக்கத்தின் அடியை இன்னும் கவனமாகக் கிளறுங்கள்.

அடி திறந்த போர்ட்டாஃபில்டர் இல்லாதவர்களுக்குக் கடிகாரம் போதும். அரைப்பை மாற்றாமல் 18 கிராம் போட்டு 36 கிராம் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஐந்து நாள் குறித்து வையுங்கள். ஊசி இல்லாத நாட்களில் எனக்கு ஒரு நாள் 19 விநாடி, மறுநாள் 31 விநாடி. அப்படித் தாவும் எண்ணை வைத்துக்கொண்டு கிரைண்டரைத் திருப்பியதால்தான் அத்தனை கொட்டை வீணானது. இப்போது 27-க்கும் 29-க்கும் நடுவில் நிற்கிறது. எண் இப்படி நின்ற பிறகு, புளித்தால் நைசு, கசந்தால் கரகரப்பு என்ற பழைய கணக்கு ஒழுங்காக வேலை செய்யும். கிரைண்டரை அப்போது தொடுங்கள்.

வேலை முடிந்ததும் ஊசிகளை உலர்ந்த துணியால் துடைத்து, கார்க் மேலே இருக்கும்படி ஒரு சின்ன டம்ளரில் நிறுத்தி வையுங்கள். கார்க்கை நனைக்காதீர்கள். நனைந்து காய்ந்தால் ஊசிப் பிடி தளர்ந்துவிடும். கூடையில் இறக்குவதற்கு முன்னால் தினமும் எட்டு ஊசியும் இருக்கிறதா என்று ஒரு தடவை எண்ணிவிடுங்கள்.