பழைய கார் வாங்கும் முன் சாவியை ஆனில் வைத்துப் பாருங்கள்

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, டாஷ்போர்டில் எந்தெந்த எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன என்று பாருங்கள். ஆயில், பேட்டரி, செக் எஞ்சின், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் எல்லாமே எரிய வேண்டும். விளக்கு வேலை செய்கிறதா என்று வண்டி தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் பெரும்பாலும் சில நொடிகளில் அணையும். ஆயில், பேட்டரி விளக்குகள் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையும்.

அணையாத விளக்கை எல்லோரும் கவனிப்பார்கள். எரியவே எரியாத விளக்குதான் ஆபத்து. உதாரணமாக, ஏர்பேக் விளக்கு எரியவில்லை என்றால், கோளாறு தெரியாமலிருக்க அதைக் கழற்றியிருக்கலாம். 2019 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் விற்பனைக்காகத் தயாரித்த காரில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம், விளக்கு இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் ஸ்கேனர் (காரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அதற்கு முந்தைய கார்களில் ஏர்பேக், ஏபிஎஸ் இல்லாமலே இருக்கலாம். வண்டியின் கையேட்டைப் பாருங்கள். மின்சாரக் காரில் ஆயில் விளக்கு கிடையாது. பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை அழுத்துங்கள், பெரும்பாலும் இரண்டு முறை.