மரத்தை எண்ணினால் போதாது: ஊர்க்காட்டைக் காக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஊருக்குள் மிச்சமிருக்கும் காட்டில் விளையாட்டுத் திடல் வரப்போகிறது என்றால் எதிர்ப்பவர்கள் முதலில் மரத்தை எண்ணுவார்கள். பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவின் கம்போவாட்டா காட்டில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத் தடம் போடத் திட்டம் வந்தபோதும் 1,80,000 மரங்கள் என்ற எண்தான் உலகம் முழுக்கச் சுற்றியது. அதில் தப்பில்லை, ஆனால் அதையே பிடித்துக்கொண்டு நின்றால் "சரி, அதைவிட அதிகமாக நட்டுத் தருகிறோம்" என்று பதில் வரும், அப்புறம் பேச்சு முழுக்க நாற்றுக் கணக்காகிவிடும். அங்கே கனமான வாதம் வேறு. ரியோவில் அட்லாண்டிக் மழைக்காடு மலைச்சரிவுகளில் இன்னும் இருக்கிறது, சமதளத்தில் மிகக் கொஞ்சம்தான்; கம்போவாட்டா சமதளக் காடு. மழைக்காலக் குட்டையில் மட்டும் வாழ்ந்து, வறண்ட காலத்தில் முட்டையாகச் சேற்றில் கிடக்கும் சிறு மீன் அங்கே உண்டு. அதை எந்த நாற்றங்காலில் வளர்த்துத் தருவார்கள்?

அதே சமயம் "மனிதக் கால் படாத காடு" என்றும் அளக்காதீர்கள். அது ராணுவ நிலம். 1958-இல் அந்த வட்டாரத்து வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது, வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும் என்ற பயம் பல காலம் இருந்தது. நகரம் உள்ளே நுழையாமல் இருந்ததற்கு ராணுவ வேலியும் ஒரு காரணம். இதை மறைத்தால் எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொல்லும், அப்போது நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு வரும்.

விளையாட்டு ரசிகர்களைத் திட்டுவது அடுத்த தவறு. ரியோவில் ஜகரெபகுவா பந்தயத் தடம் இருந்தது, 2016 ஒலிம்பிக் பூங்காவுக்காக அதை இடித்தார்கள், பதிலுக்கு வேறொன்று தருவதாகச் சொன்னார்கள். பந்தய ரசிகர்களின் கோபம் நியாயமானதுதான். அவர்களிடம் "கார் பந்தயம் எதற்கு?" என்று கேட்டால் ஒரு கூட்டத்தையே இழக்கிறீர்கள். "ஏன் இந்த இடத்தில்?" என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் முழுப் போராட்டமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சாவ் பாவ்லோ நகரில் இன்டர்லாகோஸ் பந்தயத் தடம் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2020-இல் ஃபார்முலா ஒன் சாம்பியன் லூயிஸ் ஹாமில்டன் எதிர்ப்புத் தெரிவித்தபோதும் அதைத்தான் சொன்னார், நல்ல தடம் இருக்கும்போது காட்டை வெட்டுவானேன் என்று.

ஆனால் ஹாமில்டன் சொன்னதால்தான் காடு பிழைத்தது என்று நம்பினால் அது இன்னொரு தவறு. பிரபலம் பேசினால் செய்தி வரும், கோப்பு நகராது. உரிமம் மாநிலச் சுற்றுச்சூழல் அமைப்பின் கையில் இருந்தது. 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், கருத்துக்கேட்பை ஆன்லைனில் நடத்தினார்கள். "முடிவு எடுத்தாச்சு, போய் என்ன ஆகப்போகிறது" என்று பலர் இப்படிப்பட்ட கூட்டங்களைத் தவிர்ப்பார்கள். போக வேண்டும், ஏனென்றால் அங்கே பதிவாகும் ஆட்சேபங்கள்தான் பிறகு நீதிமன்றத்தில் கைகொடுக்கும்; ஆன்லைன் கூட்டமே செல்லாது என்ற வாதம்கூட அப்படி எழுந்ததுதான்.

பெரிய ஆளின் வாக்குறுதியைக் கேட்டு மனம் விட்டுவிடுவதும் உண்டு. 2019-இல் அதிபர் போல்சனாரோ, பந்தயம் ரியோவுக்கு வருவது 99 சதவீதம் உறுதி என்ற அளவுக்குப் பேசினார், ரியோ மேயர் கிரிவெல்லாவும் கூடவே நின்றார். 2020 நவம்பர் தேர்தலில் கிரிவெல்லா தோற்றார். டிசம்பரில் ஃபார்முலா ஒன் 2025 வரை சாவ் பாவ்லோவோடு ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. 2021 தொடக்கத்தில் புதிய மேயர் எடுவார்டோ பாயெஸின் நகராட்சி உரிம விண்ணப்பத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. ஆக, உள்ளூர்த் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளரிடமும் காட்டைப் பற்றி முன்கூட்டியே பதில் வாங்கி வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, திட்டம் விழுந்தவுடன் கலைந்து போவது. பந்தயத் தடம் போனால் அடுத்து குடியிருப்போ கிடங்கோ வரலாம், நிலத்தின் வகைப்பாடு மாறாதவரை கதவு திறந்தே இருக்கும். கம்போவாட்டாவுக்காக நின்றவர்கள் தடத்தை எதிர்த்துக்கொண்டே, சுமார் 200 ஹெக்டேர் நிலத்தைச் சட்டப்படி காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கச் சொல்லியும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையைப் போராட்டத்தின் முதல் மாதத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.