பாஸ்டன் முதல் பால்டிமோர் வரை: குடும்பத்தோடு எட்டு நாள் பேஸ்பால் பயணம் போவது எப்படி?

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பிள்ளைகளோ பள்ளி மைதானத்தில் பேஸ்பால் ஆடுகிறார்கள். இரு தரப்பும் ஒரே காரில் உட்கார்ந்து ரசிக்கக்கூடிய கோடைப் பயணம் ஒன்றைத் திட்டமிட விரும்புவோருக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். பேஸ்பாலைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் இதைப் பின்பற்றலாம். பாஸ்டனில் தொடங்கி, கூப்பர்ஸ்டவுன், நியூயார்க் வழியாகப் பால்டிமோரில் முடியும் இந்த வழியில் மொத்தம் மூன்று ஆட்டங்களை மட்டுமே சேர்த்திருக்கிறேன். எட்டு நாளில் ஆறு ஆட்டம் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் நான்காம் நாளே பிள்ளைகளின் பொறுமையை இழந்துவிடுவார்கள். மீதி நேரத்தை, இந்த ஆட்டம் எங்கே பிறந்தது, எந்த மைதானம் எங்கே இருந்தது, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.

படி 1: வரைபடத்துக்கு முன் ஆட்ட அட்டவணை

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதி முதல் செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் 81 மட்டுமே சொந்த ஊரில் நடக்கும். ஒரு வாரம் ஊரில் இருந்தால் அடுத்த வாரம் வெளியூர் என்று அணிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் முதன்முறை கிளம்பியபோது விடுதியையும் காரையும் பதிவு செய்த பிறகுதான் அட்டவணையைத் திறந்தோம். நாங்கள் போய்ச் சேரும் வாரம் முழுவதும் அந்த ஊர் அணி வேறு மாநிலத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பூட்டிய கதவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ் ஆகிய மூன்றும் ஒரே பிரிவைச் சேர்ந்த அணிகள் என்பதால் தங்களுக்குள் அடிக்கடி மோதிக்கொள்ளும். பாஸ்டன் அணி பால்டிமோரில் ஆடும் வாரத்தில் பாஸ்டன் மைதானம் காலியாக இருக்கும். ஆகவே முதலில் பாஸ்டனில் ஆட்டம் உள்ள ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஆறாம் அல்லது ஏழாம் நாள் பால்டிமோரில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் பொருந்திவிட்டால் நியூயார்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; அங்கே யாங்கீஸ், மெட்ஸ் என இரண்டு அணிகள் இருப்பதால், ஒன்று வெளியூர் போயிருக்கும்போது மற்றொன்று பெரும்பாலும் ஊரில் இருக்கும்.

ஜூலைக் கடைசியில் கூப்பர்ஸ்டவுனில், பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்துக்குப் புதியவர்களைச் சேர்க்கும் விழா நடக்கும். இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத அந்தச் சிற்றூரில் அப்போது பல்லாயிரம் பேர் கூடுவார்கள் என்பதால் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: கார், சுங்கம், தங்குமிடம்

பாஸ்டனில் வாடகைக் காரை எடுத்துப் பால்டிமோரில் விடுவதாக இருந்தால், வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழியெங்கும் சுங்கச் சாலைகள் உண்டு. சுங்கத்தைத் தானாகச் செலுத்தும் ஈ-ஸீ பாஸ் கருவி உங்களிடம் இருந்தால் நான்கைந்து மாநிலங்களிலும் அதுவே செல்லும்; கார் நிறுவனம் தரும் கருவிக்கு நாள்வாடகை சேரும் என்பதால் சொந்தக் கருவியை எடுத்துச் செல்வது சிக்கனம். பாஸ்டனிலிருந்து கூப்பர்ஸ்டவுனுக்கும், அங்கிருந்து நியூயார்க்குக்கும், பிறகு பால்டிமோருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ நான்கு மணி நேர ஓட்டம். நகரங்களுக்குள் காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள். பாஸ்டனில் கிரீன் லைன் ரயிலில் ஏறிக் கென்மோர் நிலையத்தில் இறங்கினால் மைதானம் நடை தூரம்தான்.

படி 3: டிக்கெட்டும் இருக்கையும்

டிக்கெட்டுகள் இப்போது கைப்பேசியில்தான் வருகின்றன. பால்பார்க் என்ற செயலியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில், அதுவும் மதிய ஆட்டமாக, அதிகப் பகை இல்லாத எதிரணியோடு மோதும் நாளாகப் பார்த்து வாங்கினால் விலையும் குறையும், பிள்ளைகளும் நேரத்தோடு தூங்குவார்கள். யாங்கீஸும் ரெட் சாக்ஸும் மோதும் ஆட்டத்தை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இருக்கையைத் தேர்வதில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து, பந்தை எறியும் பிட்சர் நிற்கும் மேட்டின் வழியாகச் செல்லும் கோடு கிழக்கு-வடகிழக்காக அமைவதே விரும்பத்தக்கது என்று விதிநூல் சொல்லிவந்திருப்பதால், பெரும்பாலான மைதானங்களில் பிற்பகல் நிழல் ஹோம் பிளேட்டுக்குப் பின்னும், அங்கிருந்து பார்த்தால் இடப்பக்கம் உள்ள மூன்றாம் பேஸ் பக்கமும்தான் முதலில் விழும். வலப்பக்க மூலையில் உட்கார்ந்தவர்கள் வெயிலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அடுத்து, சிறு பிள்ளைகள் இருந்தால் பாதுகாப்பு வலைக்குப் பின்னால் உள்ள இருக்கையையே வாங்குங்கள், ஏனென்றால் மட்டையின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் பந்து நீங்கள் நினைப்பதைவிட வேகமாக வரும். மூன்றாவதாக, பாஸ்டனின் பழைய மைதானத்தில் கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையை மறைக்கும் இடங்கள் இருக்கின்றன. டிக்கெட்டில் பார்வைத் தடை என்ற குறிப்பு இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மழை வந்தால் ஆட்டம் வேறு நாளுக்குத் தள்ளிவைக்கப்படும். உங்கள் டிக்கெட் அந்த நாளுக்குச் செல்லும். ஆனால் நீங்கள் அதற்குள் இரண்டு மாநிலம் தாண்டியிருப்பீர்கள். எனவே வானிலை முன்னறிவிப்பு தெளிவான பிறகு, கடைசி இரண்டு மூன்று நாட்களில் வாங்குவதே பயணிகளுக்கு ஏற்றது. பையின் அளவும் வெளி உணவும் மைதானத்துக்கு மைதானம் மாறுபடும். சில இடங்களில் புளியோதரை டப்பாவோடு உள்ளே போகலாம், சில இடங்களில் முடியாது. அந்தந்த மைதானத்தின் இணையப் பக்கத்தில் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: கிளம்புவதற்கு முன் ஒரு மாலைப் பாடம்

ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணிக்கும் மும்மூன்று அவுட் என்ற அளவுக்கு விதி தெரிந்தால் போதும். 2023 முதல் பிட்சர் பந்தை எறிவதற்குக் கடிகாரக் கெடு வைத்துவிட்டதால் ஆட்டம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது.

விதிகளைவிட முக்கியமாக, பிள்ளைகளுக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரின் நிலைக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, மூன்று பேஸ்களைக் காப்பவர்கள் 3, 4, 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் 6-3 என்று எழுதினால் முடிந்தது. மட்டையாளர் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கிலத்தின் ‘கே’ என்ற எழுத்து. இந்தக் குறியீட்டை வகுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, சிறு வயதில் புரூக்ளினுக்கு வந்து, கிரிக்கெட் செய்தியாளராகத் தொழிலைத் தொடங்கியவர். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் பார்த்துப் பழகிய தாத்தாக்கள் பேஸ்பால் ஸ்கோர் அட்டையில் அந்நியத்தை உணர மாட்டார்கள் என்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்வேன். சாட்விக்கின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மீண்டும் வருவார்.

படி 5: பாஸ்டன், இரண்டு நாள்

முதலில் ரெட் சாக்ஸ் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்குக்குப் போகாமல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போங்கள். 1903-இல், மேஜர் லீக்கின் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரின் முதல் ஆட்டம் நடந்த ஹண்டிங்டன் அவென்யூ மைதானம் அங்கேதான் இருந்தது. பிட்சர் மேடு இருந்த இடத்தில், 511 வெற்றிகள் பெற்ற பிட்சர் சை யங் குனிந்து கேட்சரைப் பார்ப்பது போன்ற சிலை நிற்கிறது. எதிரே அறுபது அடி ஆறு அங்குலத் தொலைவில் ஹோம் பிளேட் பதித்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே நிறுத்தினால் அந்தத் தூரம் எவ்வளவு என்பது உடனே புரிந்துவிடும். கிரிக்கெட் பிட்ச்சின் அறுபத்தாறு அடியோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

அன்று மாலை ஃபென்வேயில் ஆட்டம். 1912-இல் திறந்த இம்மைதானத்தின் இடப்பக்கம் முப்பத்தேழு அடிப் பச்சைச் சுவர் நிற்கிறது. அதன் அடியில் உள்ள ஸ்கோர் பலகையை இன்றும் உள்ளிருந்து ஆட்கள் கையால்தான் மாற்றுகிறார்கள். வலப்பக்கக் காலரியில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு இருக்கையைத் தேடச் சொல்லுங்கள். 1946-இல் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்றது) விழுந்த இடம் அது. மறுநாள் காலை, நேரமிருந்தால், மைதானத்தைச் சுற்றிக்காட்டும் நடைக்குப் பதிவு செய்யுங்கள். கூரைக்கு அடியில் உள்ள பழைய மர இருக்கைகள் மிகவும் குறுகலானவை என்பதைப் பெரியவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

படி 6: கூப்பர்ஸ்டவுன், ஒரு முழு நாள்

மூன்றாம் நாள் காலை கிளம்பினால் பிற்பகலில் ஆட்சிகோ ஏரிக்கரையை அடைந்துவிடலாம். கோடை முழுவதும் சிறுவர் பேஸ்பால் போட்டிகள் நடப்பதால் ஊருக்குள் அறை வாடகை கடுமையாக இருக்கும். பக்கத்து ஊரான ஒனியோன்டாவில் தங்கிக் காலையில் வரலாம்.

அருங்காட்சியகத்துக்குள் போவதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். பேஸ்பால் இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வளர்ந்தது என்று சாட்விக் எழுதினார். விளையாட்டுப் பொருள் வணிகரும் பழைய பிட்சருமான ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு அது பொறுக்கவில்லை. ஆட்டம் அமெரிக்க மண்ணில்தான் பிறந்தது என்று நிலைநாட்ட 1905-இல் ஒரு குழுவை அமைக்கச் செய்தார். 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்ததாக ஒரு முதியவர் எழுதிய கடிதத்தை நம்பி அக்குழு தீர்ப்பு வழங்கியது. டபுள்டே 1839-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு பக்கத்துக் கிராமத்தில் பழைய பெட்டி ஒன்றில் கிடைத்த கந்தலான பந்தை, டபுள்டேயின் பந்தாக இருக்கலாம் என்று ஸ்டீபன் கிளார்க் ஐந்து டாலருக்கு வாங்கினார். நம் பாட்டிகள் மிதித்த சிங்கர் தையல் மெஷினில் வந்த செல்வத்தின் வாரிசு இவர். அந்தப் பந்தைச் சுற்றித்தான் 1939-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. டபுள்டே கதை கட்டுக்கதையென்று அருங்காட்சியகமே இன்று ஒப்புக்கொள்கிறது. பந்தோ இன்னும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது.

உள்ளே போனதும் முதலில் இரண்டாம் தளத்துக்கு ஏறுங்கள். ஆட்டத்தின் வரலாறு காலவரிசையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கருப்பின ஆட்டக்காரர்களை மேஜர் லீக் ஒதுக்கிவைத்த காலத்தையும், அவர்கள் தனியாக நடத்திய லீக்குகளையும் காட்டும் பகுதியில் அவசரப்படாதீர்கள். அடுத்த ஊரில் பார்க்கப்போவது இதன் தொடர்ச்சிதான். மூன்றாம் தளத்தைப் பார்த்து முடித்த பிறகு கீழே இறங்கி, 350-க்கும் மேற்பட்டோரின் வெண்கலத் தகடுகள் உள்ள மண்டபத்தைக் கடைசியாகப் பாருங்கள். 1936-இல் தேர்வான முதல் ஐவர் டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன். சாட்விக்கின் தகடும் உண்டு. ஸ்பால்டிங்கும் இருக்கிறார். வழக்கிட்ட இருவரும் ஒரே மண்டபத்தில்! டபுள்டேவுக்கு மட்டும் தகடு கிடையாது. சற்றுத் தள்ளியிருக்கும் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்ததோடு சரி.

படி 7: நியூயார்க், இரண்டு நாள்

நியூஜெர்சிப் பக்கம் தங்கினால் வாடகை குறையும், ஹோபோகனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே வாஷிங்டன் தெருவும் பதினொன்றாம் தெருவும் சந்திக்கும் இடத்தருகே எலிசியன் ஃபீல்ட்ஸ் புல்வெளி இருந்தது. 1846 ஜூன் 19 அன்று நிக்கர்பாக்கர் என்ற பேஸ்பால் சங்கம் தன் எழுதப்பட்ட விதிகளின்படி இன்னோர் அணியோடு அங்கே ஆடி 23-1 என்று தோற்றது. இப்போது நினைவுக் குறிப்பு மட்டுமே இருப்பதால் பத்து நிமிடம் போதும்.

மன்ஹாட்டனின் வடபகுதியில் எட்ஜ்கோம்ப் அவென்யூவிலிருந்து இறங்கும் ஜான் பிரஷ் படிக்கட்டு, 1964-இல் இடிக்கப்பட்ட போலோ கிரவுண்ட்ஸ் என்ற பேஸ்பால் மைதானத்தில் எஞ்சிய ஒரே அடையாளம். படியில் இறங்கி, மேக்கம்ஸ் டாம் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்தால் யாங்கீ ஸ்டேடியம். 2009-இல் திறந்த புதிய மைதானத்துக்கு எதிரே, பழைய ஸ்டேடியம் இருந்த இடம் ஹெரிட்டேஜ் ஃபீல்ட் என்ற பொதுப் பூங்காவாகிவிட்டது. கையுறையும் பந்தும் கொண்டுபோனால் பேப் ரூத் ஆடிய மண்ணில் உங்கள் பிள்ளைகள் பந்து பிடித்து விளையாடலாம், காசு கிடையாது. உள்ளே ஆட்டம் பார்ப்பதாக இருந்தால் வாயில் திறந்ததுமே, யாங்கீஸ் அணியின் புகழ்பெற்றவர்களுக்கு நினைவுத் தகடுகள் உள்ள மான்யுமென்ட் பார்க்குக்குப் போய்விடுங்கள். ஆட்டத்துக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்பே அதை மூடிவிடுவார்கள்.

மறுநாள் புரூக்ளின். 1947 ஏப்ரல் 15 அன்று கருப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் களமிறங்கி மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம் இருந்த இடத்தில் இன்று உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. சுவரில் ஒரு கல்வெட்டைத் தவிரப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் சத்தமில்லாமல் தெருவோரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அவருடைய 42 என்ற எண்ணை 1997 முதல் எந்த அணியும் புதிதாக யாருக்கும் தருவதில்லை. நேரம் இருந்தால் கிரீன்-வுட் இடுகாட்டில் சாட்விக்கின் கல்லறையைத் தேடுங்கள். உச்சியில் கல்லில் செதுக்கிய பேஸ்பால் இருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

படி 8: பால்டிமோர்

1992-இல் திறந்த, ஓரியோல்ஸ் அணியின் மைதானமான கேம்டன் யார்ட்ஸ், புதிய மைதானங்களைப் பழைய பாணியில் செங்கல்லும் இரும்புமாகக் கட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. வலப்பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் நீளமான பழைய ரயில்வே கிடங்கை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்கும் மைதானத்துக்கும் நடுவே உள்ள யூட்டா தெருவில், ஹோம் ரன் பந்துகள் விழுந்த இடங்களில் எல்லாம் பித்தளைப் பந்துகள் பதித்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்து, யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் போட்டி வையுங்கள்.

கடைசி நாள் காலையில் மைதானத்திலிருந்து கிளம்பி, நடைபாதையில் வரைந்திருக்கும் பந்துகளின் வழியே நடந்தால் எமரி தெருவில் ஒரு சிறிய வரிசை வீட்டின் முன் நிற்பீர்கள். பேப் ரூத் 1895-இல் பிறந்த வீடு அது, இப்போது அருங்காட்சியகம். பாஸ்டனில் ஆடி, 1919 பருவத்துக்குப் பிறகு நியூயார்க்குக்கு விற்கப்பட்டு, கூப்பர்ஸ்டவுனின் முதல் ஐவரில் ஒருவராக இடம்பெற்றவரின் வாழ்க்கையை நீங்கள் எட்டு நாளாகப் பின்தொடர்ந்து வந்திருக்கிறீர்கள் என்பதை இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவருடைய தந்தை நடத்திய மதுக்கடை, இன்றைய கேம்டன் யார்ட்ஸின் நடுக்களம் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. வீடு சிறியது என்பதால் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் காரை ஒப்படைக்கப் போய்விடலாம்.