நீள நகமா, குட்டை நகமா? மெனிக்யூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகத்தை எவ்வளவு நீளம் வைத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம். சிலருக்கு விரல்நுனியைத் தாண்டிக் கொஞ்சம் வெள்ளை தெரிந்தாலே உறுத்தும். சிலருக்கு ஒட்ட வெட்டிய விரல் மொட்டையாகத் தெரியும். இரண்டுமே சரிதான். ஆனால் நுனி பிளந்து, மெலிந்து, திட்டுத்திட்டாக வெளுத்துப் போன நகங்களைப் பார்த்தால், அவற்றைக் கெடுத்தது பெரும்பாலும் நீளமோ நெயில் பாலிஷோ இல்லை. வெட்டிய விதம், ஓரத்தோலை நோண்டிய விதம், எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டதை எடுத்த விதம்.

கண்ணுக்குத் தெரியும் நகத்தகடு உயிரற்ற கெரட்டின் அடுக்குகளால் ஆனது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கும் நகவேர். கட்டைவிரலில் பிறையாக வெளுத்துத் தெரிவது அதன் முன்விளிம்பு. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளரும். அடியிலிருந்து நுனிவரை புது நகம் வந்து சேர சுமார் 6 மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு 12 முதல் 18 மாதம். தகட்டுக்கு உயிர் இல்லாததால் அதில் விழுந்த சேதம் ஆறாது, வளர்ந்து வெளியேறத்தான் வேண்டும். பத்து நிமிட அவசரத்துக்கு அரை வருடம் காத்திருக்க வேண்டியிருப்பது இதனால்தான். ‘நகம் மூச்சுவிட வேண்டும், அதனால் பாலிஷுக்கு இடைவெளி விடுங்கள்’ என்று சொல்வதற்கும் அடிப்படை இல்லை. நகவேருக்கு வேண்டியதெல்லாம் ரத்தத்தின் வழியே வருகிறது. இடைவெளி விட்டால் ஒரு நன்மை உண்டு: நகத்தின் உண்மையான நிறமும் நிலையும் கண்ணில் படும்.

கையின் வேலையைப் பார்க்காமல் நீளத்தை முடிவு செய்வது

விரல்சதையை விட்டு வெளியே நீளும் பகுதி எங்காவது இடித்தால், அந்த விசை முழுவதும் நகம் சதையைப் பிரியும் இடத்தில் வந்து விழும். நீளம் கூடக்கூட விசையும் கூடும். தினமும் பாத்திரம் துலக்கி, மாவு பிசைந்து, கீபோர்டில் தட்டும் கைக்கு 1 முதல் 2 மி.மீ. வெள்ளை தாராளம். அதற்கு மேல் ஆசைப்பட்டால், வெளியே நீளும் பகுதி ரோஸ் நிறப் பகுதியின் பாதி நீளத்தோடு நிற்கட்டும். அதையும் தாண்டினால் மேலே ஜெல் (புற ஊதா விளக்கொளியில் இறுகும் பூச்சு) கொண்டு பலப்படுத்தாமல் தாங்காது.

சில கைகளுக்கு விருப்பத்தைவிட வேலைதான் முக்கியம். நோயாளிகளைத் தொட்டுப் பராமரிப்பவர்களின் நகநுனி 0.5 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதும், அவர்கள் செயற்கை நகம் அணியக்கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டுதல்களில் உள்ளன. நீள நகத்துக்கும் ஒட்டு நகத்துக்கும் அடியில் தங்கும் கிருமிகள் கைகழுவினாலும் முழுதாகப் போவதில்லை. வீணை வாசிப்பவர்களுக்கு இடக்கை நகம் ஒட்ட இருந்தால்தான் தந்தியை அழுத்த முடியும். வலக்கையில் மீட்டும் விரல்களுக்கு மட்டும் நீளம் வேண்டும் என்பவர்கள் உண்டு. பத்து விரலும் ஒரே அளவில் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

மறுபக்கம், வெள்ளையே தெரியாமல் ஒட்ட வெட்டுவது. நகக்கண்ணில் சதையோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்தான் அழுக்கும் தண்ணீரும் உள்ளே போகாமல் அடைத்து நிற்கிறது. அது கிழிந்தால் நகம் சதையை விட்டுப் பிரிய ஆரம்பிக்கும். ஊக்கு, ஹேர்பின் விட்டு அழுக்கெடுப்பதிலும் இதே சேதம்தான். உள்ளே குத்தக்குத்த இடைவெளி பெரிதாகும், அழுக்கு இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். பழைய மிருதுவான டூத்பிரஷில் சோப்பு தொட்டு, நகநுனிக்கு அடியில் லேசாகத் தேய்த்தால் போதும்.

வெட்டுவது, ராவுவது

பாதி பிளேடால் நகம் சீவும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கை தவறினால் வெட்டு, தவறாவிட்டாலும் நுனி அடுக்கடுக்காக உரியும். நகவெட்டியிலும், முழு நகத்தையும் ஒரே கடியில் ‘டக்’கென்று வெட்டினால், வளைந்த தகடு தட்டையாக அமுங்கி அடுக்குகள் பிரியும். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மூன்று நான்கு சின்னக் கடிகளாக நகர்ந்து செல்லுங்கள். வீட்டுக்கு ஒரே நகவெட்டி என்றால் ஒருவருடைய பூஞ்சைத் தொற்றும் மருவும் மற்றவருக்கும் போகும். ஆளுக்கொன்று இருப்பது நல்லது. முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் சோப்பில் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

ராவுவதற்கு வாங்கும் ஃபைலில் எண் போட்டிருக்கும். 80, 100 என்பவை அக்ரிலிக் என்ற செயற்கை நகத்துக்கான சொரசொரப்பு. சொந்த நகத்துக்கு 180க்குக் கீழே போகக்கூடாது, மெலிந்த நகத்துக்கு 240. கண்ணாடி ஃபைல் இன்னும் நல்லது. மரம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுக்காமல், இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி ஒரே திசையில் ராவுங்கள். குளித்த உடனே வேண்டாம். நகம் தண்ணீரை உறிஞ்சி ஊறி மெத்தென்று இருக்கும்போது ராவினால் நுனி பிசிறடிக்கும். தடித்த கால்நகத்தை வெட்ட மட்டும் அந்த நேரம் வசதி. கால்நகத்தை நேராக வெட்டுங்கள். மூலையை ஆழமாகச் சரித்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும்.

வடிவத்தில் நடக்கும் பெரிய தவறு, பாதாம் வடிவம் வேண்டுமென்று பக்கவாட்டுச் சுவரையே ராவி எடுப்பது. நகத்துக்குத் தாங்குசக்தி தருவது அந்தப் பக்கங்கள்தான். சொந்த நகத்தில் கூர்மையான வடிவங்கள் அடிக்கடி ஓரத்தில் விரிசல் விடுவதற்குக் காரணம் இதுவே. நகம் சீக்கிரம் ஒடியும் என்றால் நுனி நேராகவும் மூலைகள் மட்டும் உருண்டும் இருக்கும் வடிவம் உங்களுக்கானது.

ஓரத்தோலை வெட்டுவது

நகம் முளைத்து வரும் இடத்தில் இரண்டு தோல்கள் இருக்கின்றன. தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டு, காகிதம் போல் மெல்லியதாக, நிறமில்லாமல் படர்ந்திருப்பது இறந்த தோல், அதுதான் க்யூட்டிகிள். அதற்குப் பின்னால் திரண்டு நிற்பது உயிருள்ள தோல்மடிப்பு. பார்லரில் நிப்பர் வைத்துச் ‘சுத்தமாக’ வெட்டியெடுப்பது பல நேரம் இந்த உயிருள்ள மடிப்பையும் சேர்த்துத்தான். வெட்டிய இடம் தடித்து, முன்னைவிடச் சொரசொரப்பாக வளரும். அதைப் பார்த்து மறுபடி வெட்டத் தோன்றும். நகவேருக்குள் தண்ணீரும் கிருமியும் நுழையாமல் மூடியிருக்கும் அடைப்பு இது என்பதால், இதில் விழும் சின்ன வெட்டே நகச்சுற்றுக்கு வாசல்.

செய்ய வேண்டியது எளிது. க்யூட்டிகிள் ரிமூவர் ஒரு சொட்டு, டப்பாவில் சொன்ன நேரம் மட்டும், பொதுவாக ஓரிரு நிமிடம். இவற்றில் பெரும்பாலானவை காரத்தன்மை கொண்டவை, அதிக நேரம் விட்டால் தோலை அரிக்கும். மரக்குச்சியின் தட்டையான முனையால் லேசாகத் தள்ளி, தகட்டில் ஒட்டியிருப்பதை மட்டும் சுரண்டி, கையைக் கழுவிவிடுங்கள். தூக்கி நிற்கும் தோல் பிசிறை மட்டும் அடியோடு நறுக்கலாம். பிடித்து இழுக்கக்கூடாது, பல்லால் கடிக்கவே கூடாது. இரவு படுக்கும்முன் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்து வந்தால் பிசிறு வருவதே குறையும்.

நகச்சுற்று வந்துவிட்டால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டுவது நம் வீடுகளில் வழக்கம். சீழ் கட்டிய நகச்சுற்றுக்கு அது மருந்தாகாது. ஆரம்பத்தில், வெறும் சிவப்பும் வலியும் இருக்கும்போது, வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்து எடுத்தால் பலருக்கு அடங்கும். மஞ்சளாகச் சீழ் தெரிந்தாலோ, வலி தெறித்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசியால் நீங்களே குத்த வேண்டாம்.

பாலிஷ்

மெனிக்யூர் என்றாலே கையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பது என்று ஆகிவிட்டது. ஊறி உப்பிய நகத்தின்மேல் பாலிஷ் போட்டால், நகம் காய்ந்து சுருங்கும்போது பூச்சு அதனோடு சுருங்காது, இரண்டாம் நாளே நுனியில் பெயரும். ஊறவைக்காத மெனிக்யூரைக் கேட்டு வாங்குங்கள். பூசும்முன் ரிமூவரால் ஒருமுறை துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பேஸ் கோட், மெல்லிசாக இரண்டு கோட் நிறம், டாப் கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 2 நிமிடம். நகநுனியின் விளிம்பையும் பிரஷால் ஒரு இழுப்பு இழுத்து மூடுங்கள். அவசரத்தில் தடிமனாகப் போட்டால் மேல்பகுதி காய்ந்து, உள்ளே சிக்கிய கரைப்பான் குமிழாகக் கிளம்பும். பேஸ் கோட் இல்லாமல் அடர் சிவப்பைத் தொடர்ந்து போட்டால் நகம் மஞ்சளடிக்கும்.

கல்யாணத்துக்குத் தயாராகிறவர்கள் வரிசையில் கவனம் வைக்க வேண்டும். ஸ்க்ரப், மெனிக்யூர் எல்லாம் மருதாணிக்கு முன்னால். பின்னால் செய்தால் தேய்ப்பில் மருதாணி வெளிறும். நகத்தில் பிடித்த மருதாணி நிறம் ரிமூவருக்குப் போகாது, வளர்ந்துதான் போகும். நகத்தில் ஏற வேண்டாம் என்றால் முன்கூட்டியே நிறமில்லாத பாலிஷ் ஒரு கோட் பூசிக்கொள்ளுங்கள்.

ஜெல், அக்ரிலிக், ஒட்டு நகம்

வீட்டில் கிட் வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது அலர்ஜிக்கு. முழுதாக இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால், அதிலுள்ள மெத்தாக்ரிலேட்டுகள் என்ற வேதிப்பொருள்களுக்கு உடம்பு பகையாகிவிடலாம். விரல்நுனி அரிக்கும், கொப்பளிக்கும், நகம் தூக்கும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் அடைப்பிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருப்பதால் விஷயம் நகத்தோடு நிற்பதில்லை. ஹெமா என்ற மெத்தாக்ரிலேட் கலந்த நகப்பொருள்களைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே கையாளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. ஜெல்லை இறுகச் செய்யும் டிபிஓ (TPO) என்ற பொருளுக்கு அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் தடையே வந்துவிட்டது. வாங்கும்முன் பொருள் பட்டியலைப் படியுங்கள்.

தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விடுங்கள். தோலில் பட்டால், ஜெல்லை இறுக்கும் விளக்கில் வைக்கும் முன்பே குச்சியால் துடைத்துவிடுங்கள். ஜெல் எந்த நிறுவனமோ அந்த நிறுவனம் சொல்லும் விளக்கும் நேரமும்தான் கணக்கு. விளக்கு மாறினால் மேலே இறுகி அடியில் பச்சையாக நிற்கும். கறுப்பும் அடர் நிறங்களும் ஒளியை மறைப்பதால் அவற்றை மேலும் மெல்லியதாகப் போட வேண்டும். கட்டைவிரல் விளக்குக்குள் சாய்ந்தே இருக்கும் என்பதால் அதைத் தனியாக வையுங்கள்.

அக்ரிலிக் போடும் இடத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை, அசிட்டோனில் எளிதில் கரையாத கடினம் இரண்டும் சேர்ந்திருந்தால் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்று சந்தேகப்படலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 1970களிலேயே இதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. இது அவ்வளவு இறுக்கம் என்பதால் இடித்தால் செயற்கை நகம் உடையாது, அடியிலுள்ள சொந்த நகம் பிய்ந்துகொண்டு வரும். டிரில்லால் ராவும்போது சூடு சுரீரென்று உறைத்தால் உடனே கையை இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு நகத்தில் சிவந்த வளையம் தெரிந்தால் அது டிரில் தோண்டிய பள்ளம். ஒட்டு நகத்துக்கான பசை பருத்தித் துணியில் சிந்தினால் சட்டென்று சூடேறிச் சுட்டுவிடும். மடியில் காட்டன் துண்டு விரித்துக்கொண்டு இந்த வேலையில் உட்காராதீர்கள்.

எடுக்கும்போது உரிப்பது

ஜெல்லின் ஓரம் லேசாகத் தூக்கியதும் விரல் தானாக அங்கே போகும். பிய்த்தால் முழுசாக வரும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். கழன்று வந்த ஜெல்லைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அது உங்கள் நகத்தின் மேலடுக்கு.

சரியான வழி இதுதான். 180 ஃபைலால் டாப் கோட்டின் பளபளப்பு போகும்வரை மட்டும் ராவுங்கள். சுற்றுத்தோலில் வாசலின் தடவுங்கள். நகத்தளவு பஞ்சை அசிட்டோனில் நனைத்து வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். ஜெல் சுருங்கித் தூக்கியிருக்கும், மரக்குச்சியால் தள்ளினாலே நகரும். நகராத இடத்தில் சுரண்டாமல் இன்னும் 5 நிமிடம் சுற்றிவையுங்கள். அக்ரிலிக்குக்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஹார்டு ஜெல் எனப்படும் வகை அசிட்டோனுக்கு மசியாது, ராவித்தான் எடுக்க வேண்டும், அதைப் பழகிய கையிடம் விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவிகூடப் பற்றும். அடுப்படியிலும் விளக்கேற்றிய பூஜை அறையிலும் இந்த வேலை வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நகம் ஒடிகிறது என்றதும் கால்சியம் மாத்திரை, பயோட்டின்

நகத்தில் வெள்ளைப்பூ விழுந்தால் புதுத்துணி என்பார்கள், கால்சியம் குறைவு என்பார்கள். பெரும்பாலும் அது வாரக்கணக்கில் முன்பு நகவேரில் பட்ட சின்ன இடியின் தடம். நகத்தின் உறுதி கெரட்டினிலிருந்து வருவது, அதில் கால்சியத்தின் பங்கு மிகக் குறைவு. அடுக்கடுக்காக உரியும் நகத்துக்கு முதல் காரணம், நாள்முழுக்க நனைந்து காய்ந்து நனைந்து காய்வது. பாத்திரம் துலக்கும்போது கையுறை போட்டால் மாத்திரை செய்யாததைச் செய்யும். பயோட்டின் என்ற பி வைட்டமினை அதிக அளவு விழுங்குகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனைகளில் முடிவு தவறாக வரலாம் என்று எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தது. மஞ்சள் கறை போக எலுமிச்சை தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுக்கும்.

பாலிஷால் மறைக்கக்கூடாதவை

ஒட்டு நகம் தூக்கிய இடத்தில் பச்சையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரம் தங்கியதால் வந்தது. ஒட்டியதை எடுத்து, நகத்தை உலர்வாக வைத்து, மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்க வேண்டும், மேலே இன்னொரு கோட் போடக்கூடாது. நகத்தில் நெடுக்காக ஓடும் பழுப்புக் கோடு நம் நிறத்தவர்களுக்குப் பல விரல்களில் இயல்பாகவே வரும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலோ, பக்கத்துத் தோலிலும் கறுப்பு பரவினாலோ தோல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் இரண்டு நாள் முன்பே ஜெல்லை முறையாகக் கரைத்து எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியின் அளவை அடர் நிறங்கள் குழப்பக்கூடும் என்பதால் எப்படியும் எடுக்கச் சொல்வார்கள். அட்மிட் ஆகும் காலையில் பதற்றத்தோடு உரித்து எடுத்தால் நகமும் சேர்ந்து உரியும்.