பெயிண்ட் நிறம் கடைசியில்தான்: வீட்டைப் புதுப்பிக்கும்போது எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "சுவருக்கு என்ன கலர்?" என்றுதான். என் வீட்டு வேலையை முடித்த பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது இது: அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். பெயிண்டை ஆயிரக்கணக்கான சாயல்களில் கலந்து வாங்கலாம். ஆனால் உங்களுக்குப் பிடித்த டைல்ஸோ கல்லோ சோபாத் துணியோ ஒரு சில நிறங்களில்தான் வரும். குறைவாகக் கிடைப்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, தாராளமாகக் கிடைப்பதை அதற்குப் பொருத்துவதுதான் சுலபம். தலைகீழாகச் செய்தால், அடித்து முடித்த சுவருக்கு ஏற்ற துணியைத் தேடி அலைய வேண்டிவரும்.

உடைக்கும் வேலை, குழாய், வயரிங் எல்லாம் திட்டமாகிவிட்டன என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஒரு ஸ்டீல் டேப், பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப், பெரிய வெள்ளை அட்டைகள், ஒரு டார்ச். லேசர் அளவி இருந்தால் அறையின் நீள அகலத்தைச் சட்டென்று எடுத்துவிடலாம். ஆனால் சன்னல், கதவு இடுக்கு போன்ற சின்ன அளவுகளுக்கு ஸ்டீல் டேப்தான் என் தேர்வு. சுவர் நிறத்தைக் கைப்பேசியில் காட்டும் செயலிகளை நான் நம்புவதில்லை. திரை தானே ஒளி விடுகிறது. சுவரோ அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

படி 1: மாறாமல் இருக்கப்போவதை எழுதுங்கள்

பழைய தரை இருக்கப்போகிறதா? சன்னல் சட்டம்? நல்ல நிலையில் உள்ள ஒரு மர அலமாரி? இவற்றை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தூய வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். வெறுமனே பார்க்கும்போது சாம்பல் என்று தோன்றிய தரை, வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் லேசான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். அந்த உள்நிறம் என்னவென்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் தேர்வுகளில் பாதி தானாக நடந்துவிடும்.

படி 2: தரையும் ஈரம் படும் இடங்களும்

ஈரமான இடத்துக்கு நீரை அதிகம் உறிஞ்சாத டைல்ஸ் வேண்டும். விட்ரிஃபைட் வகை தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. சுவருக்கென்று வரும் பீங்கான் டைல்ஸ் அதைப் போலப் பல மடங்கு உறிஞ்சும், அதைத் தரையில் போடக் கூடாது. வழுக்குமா என்பதைக் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வழுக்கா அளவைக் கேளுங்கள். ஆர்9 முதல் ஆர்13 வரை உள்ள எண்கள் செருப்போ ஷூவோ போட்டு நடக்கும் இடத்துக்கானவை. வெறுங்காலோடு நிற்கும் குளியலறைக்கு ஏ, பி, சி என்று தனி வரிசை உண்டு. இரண்டிலும் மேலே போகப் போகப் பிடிப்பு கூடும்.

பெட்டிகள் வந்து இறங்கியதும் ஒட்ட ஆரம்பிக்கும் முன் எல்லாப் பெட்டிகளிலும் சாயல் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே மாடல் டைல்ஸ்கூட வேறு வேறு தொகுதியில் சுட்டால் நிறத்தில் லேசாக மாறும். வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். மூலைவிட்டமாகப் போடுவதென்றால் 15. மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். சில வருடம் கழித்து ஒன்று உடைந்தால் அதே சாயல் கிடைப்பது அரிது.

நீளமான பலகை வடிவ டைல்ஸைச் செங்கல் அடுக்குபோலப் பாதிக்குப் பாதி தள்ளிப் போடச் சொல்பவர்கள் நிறைய. நீண்ட டைல்ஸ் நடுவில் கொஞ்சம் வளைந்திருப்பது சாதாரணம். பாதி தள்ளினால் ஒன்றின் உயர்ந்த நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனைக்குப் பக்கத்தில் வந்து கால் இடறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ள வேண்டாம். டைல்ஸ்களுக்கு நடுவே நிரப்பும் இடைவெளிப் பூச்சின் நிறமும் சின்ன விஷயம் அல்ல. டைல்ஸ் நிறத்திலேயே இருந்தால் தரை ஒரே பரப்பாகத் தெரியும், மாறுபட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். நடமாட்டம் உள்ள தரையில் வெள்ளைப் பூச்சை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

படி 3: விளக்கை முடிவு செய்யுங்கள்

எனக்கு அதிக நேரம் போனது இந்தப் படியில்தான், நீங்களும் இங்கே நிதானமாக இருங்கள். பலர் விளக்கைக் கடைசியில் வாங்குகிறார்கள். ஆனால் எந்த நிறத்தைப் பார்த்தாலும் நாம் பார்ப்பது அந்தப் பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை. வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும். அதனால் மாதிரிகளைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த அறையில் நிரந்தரமாக எரியப்போகும் பல்பை வாங்கி மாட்டிவிடுங்கள்.

பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கெல்வின். 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம், 4000 நடுநிலை, 6500 நீலச் சாயல் கொண்ட பகல் வெள்ளை. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 3000, வேலை செய்யும் மேடைக்கு 4000 என்பது என் விருப்பம். ஒரே பார்வையில் தெரியும் இரண்டு விளக்குகளில் வேறு வேறு எண்கள் இருக்கக் கூடாது. இன்னொன்று சி.ஆர்.ஐ. இது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு, உச்சம் 100. சாதாரண எல்.இ.டி. பல்புகள் 80 அளவில் இருக்கும். அதில் மரத்தின் செம்மையும் தோலின் நிறமும் மங்கித் தெரியும். 90-க்கு மேல் இருப்பதை வாங்குங்கள். இந்த ஒரு செலவில் நான் கஞ்சத்தனம் காட்ட மாட்டேன்.

கடை வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய இரண்டு பொருள்கள் வீட்டில் பொருந்தாமல் போவதற்கும் காரணம் இதுதான். துணியின் சாயமும் லேமினேட்டின் சாயமும் வேறு வேறு. ஒரு விளக்கில் ஒரே மாதிரி தெரியும், இன்னொன்றில் பிரிந்துவிடும். எனவே எந்த இரண்டையும் கடையில் வைத்துப் பொருத்தம் பார்க்காதீர்கள். மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? தரை மாதிரியைத் தரையில் கிடத்துங்கள். அலமாரிப் பலகை, திரைச்சீலைத் துணி ஆகியவற்றை நிமிர்த்தி நிறுத்துங்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தால் தப்பான நிறம்தான் கிடைக்கும், ஏனென்றால் படுத்திருக்கும் பரப்பில் விழும் வெளிச்சம் வேறு, நிற்கும் பரப்பில் விழுவது வேறு. அளவிலும் விகிதம் இருக்கட்டும்: தரைக்குப் பெரிய துண்டு, கைப்பிடிக்குச் சின்னது. காலை, மதியம், விளக்கு போட்ட இரவு என்று மூன்று வேளையும் பாருங்கள். நேர் வெயில் விழாத சன்னல் உள்ள அறையில் வானத்தின் நீலம்தான் உள்ளே வரும், சாம்பல் நிறங்கள் அங்கே இன்னும் குளிர்ந்து தெரியும். வெளியே அடர்ந்த மரம் இருந்தால் பச்சை ஏறும். எல்லா வேளையிலும் அழகாக இருப்பதைத் தேடினால் முடிவுக்கே வர முடியாது. ஏதாவது ஒரு வேளையில் கண்ணை உறுத்துவதை நீக்கிக்கொண்டே வாருங்கள், மிஞ்சுவது போதும்.

படி 4: அலமாரி, கைப்பிடி, குழாய்

அடர்நிற மேட் பலகையில் கைரேகை தெரியும். பளபளப்பான அடர்நிறத்தில் கீறல் தெரியும். தினமும் கை படும் கீழ் அலமாரிகளுக்கு நடுத்தர நிறமும் லேசான மர வரியும் நல்லது. குழாய், ஷவர், வடிகால் மூடி எல்லாம் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் இருக்கட்டும், 'பித்தளை நிறம்' என்பது ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி வரும். மேல்பூச்சு இல்லாத பித்தளை நாளாக நாளாகக் கறுக்கும். அந்த மாற்றம் பிடிக்கும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

படி 5: அறைக்கலன்கள்

வாங்கும் முன் அதன் நீள அகலத்தைக் காகித டேப்பால் தரையில் ஒட்டி, ஓரிரு நாள் சுற்றி நடந்து பாருங்கள். முக்கியமான நடைபாதைக்கு 90 செ.மீ., சோபாவுக்கும் முன்மேசைக்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ., சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு 60 செ.மீ. அகலம். நாற்காலி இருக்கைக்கும் மேசைப் பரப்புக்கும் 28 முதல் 30 செ.மீ. இடைவெளி இருந்தால் உட்கார வசதி. வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட் ஆகியவற்றின் அளவையும் கையோடு எடுத்துவிடுங்கள்.

சோபாத் துணிக்கு மார்ட்டின்டேல் உராய்வு எண்ணைக் கேளுங்கள், துணி எத்தனை முறை தேய்ப்பைத் தாங்கும் என்பதற்கான அளவு அது. தினமும் உட்காரும் இடத்துக்கு 25,000-க்குக் குறைய வேண்டாம். ஆனால் துணி வெயிலில் வெளுக்குமா, உருண்டை கட்டுமா என்பதை இந்த எண் சொல்லாது, அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். மெத்தை நுரையில் கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. அமுங்கிப் போகாமல் இருப்பதற்கு அடர்த்திதான் பெரிதும் காரணம், இருக்கைக்குக் கன மீட்டருக்கு 32 கிலோவாவது இருக்கட்டும்.

படி 6: திரைச்சீலை

கம்பியைச் சன்னலின் இருபுறமும் 15 செ.மீ. நீட்டிப் போடுங்கள், திறக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காது. துணியின் மொத்த அகலம் கம்பி நீளத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு வேண்டும். பருத்தி, லினன் என்றால் துவைத்துச் சுருக்கிவிட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும்.

படி 7: இப்போது பெயிண்ட்

நிற அட்டையில் உள்ள சின்னக் கட்டத்தை நம்பாதீர்கள். சுவர் முழுக்க வரும்போது அது அழுத்தமாகத் தெரியும். மூன்று நான்கு நிறங்களில் மாதிரி டப்பா வாங்கி, பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் வெள்ளை விளிம்பு இருக்கட்டும். பழைய சுவரின் மேலேயே அடித்தால் பக்கத்தில் உள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையை அறையின் மூலையிலும் வைத்துப் பாருங்கள், அங்கே இரண்டு சுவர்களும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றில் வீசும்.

மினுமினுப்பைத் தேர்ந்தெடுக்க டார்ச் வேண்டும். இருட்டில் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். மேடு பள்ளம் தெரிந்தால் ஒன்று பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும், இல்லை மேட் பூச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பளபளப்புக் கூடக் கூடத் துடைப்பது எளிது, குறையும் எடுப்பாகத் தெரியும்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

திரைச்சீலைத் துணி சோபாவின் மேல் வைத்துப் பார்த்தபோது பொருந்தியது, மாட்டியதும் வேறாகத் தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பகலில் வெளிச்சம் துணியை ஊடுருவி வருவதால் அப்படி ஆகிறது. மாதிரித் துணியைச் சன்னலிலேயே தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். மாட்டியாகிவிட்டது என்றால் பின்னால் வெள்ளை உள்துணி கொடுத்துத் தைத்தால் பெருமளவு சரியாகும்.

டைல்ஸில் இரண்டு சாயல் எண்கள் கலந்து வந்து, மாற்றித் தர மறுக்கிறார்கள் என்றும் ஒரு கேள்வி. ஒரே அறையில் கலக்காதீர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்துவிட்டால் கண் ஒப்பிடாது.

ஒரே நிறத்தில் பல வாளி பெயிண்ட் வாங்குகிறவர்கள், ஒரு சுவருக்குத் தேவையான அளவை ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலந்துகொண்டு ஆரம்பியுங்கள். வாளிக்கு வாளி வரும் சின்ன வித்தியாசம் சுவரின் நடுவில் கோடாகத் தெரியாது. மீந்ததைச் சின்ன டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, மேலே அறையின் பெயர், கலவை எண், மினுமினுப்பு வகை மூன்றையும் எழுதி வையுங்கள்.