ஊக்கமருந்துச் செய்தியைப் படிப்பது எப்படி: சாலை சைக்கிள் பந்தய ரசிகர்களுக்கு

பெரிய வீரர் ஒருவர் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கினார் என்று செய்தி வந்தால், எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லாமல் இருக்க இரண்டு வேலை தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ஆய்வக எண்களைப் படிப்பது. இன்னொன்று, அந்த வீரரை நம்பி யார் யார் சம்பளம் வாங்குகிறார்கள் என்று பார்ப்பது. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெலோட்டானில் (சாலையில் திரண்டு ஓட்டும் வீரர் கூட்டத்தில்) எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதை விதிப்புத்தகத்தைவிட உச்சியில் இருந்த வீரர்கள்தான் அதிகம் தீர்மானித்திருக்கிறார்கள். அதனால் இங்கே அதற்குக் கூடுதல் இடம்.

முதலில், எந்த வகை மீறல்?

மருந்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் மீறலின் வகையைக் கண்டுபிடியுங்கள். மாதிரியில் தடைப்பொருள் கிடைத்ததா? எடுத்த மாதிரியை ஏ, பி என இரண்டாகப் பிரித்து வைப்பார்கள்; முதலில் சோதிப்பது ஏ. அதனால் அது ஏ மாதிரி முடிவா, பி மாதிரியும் உறுதிசெய்ததா என்று பாருங்கள். பி மாதிரி வரும்வரை வழக்கு முழுமையடையவில்லை. வீரரே அதைத் திறக்க வேண்டாம் என்று விட்டுவிட்டால் ஏ மாதிரியே நிற்கும்.

மாதிரியே இல்லாத மீறல்களும் உண்டு. முன்னணி வீரர்கள் ஒவ்வொரு காலாண்டுக்கும் தாங்கள் இருக்கும் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்து, தினமும் ஒரு மணி நேரம் பரிசோதகர் வந்தால் கிடைக்கும்படி இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று தவறு நடந்தால் அதுவே மீறல். 2007 டூர் டி பிரான்ஸில் (சுருக்கமாக டூர்) மைக்கேல் ராஸ்முசென் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு இருந்தபோதே ராபோபேங்க் அணி அவரை வெளியேற்றியது. காரணம் மருந்தல்ல, தான் இருந்த இடம் பற்றி அணியிடம் பொய் சொன்னது. மெக்சிகோவில் இருப்பதாகச் சொன்னவர் இத்தாலியில் இருந்திருக்கிறார்.

மூன்றாவது வகை சாட்சியம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களையும் பறித்தது ஆய்வகம் அல்ல. 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்ட அறிக்கையில் 26 பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். அவர்களில் 11 பேர் அவருடைய முன்னாள் அணித்தோழர்கள். "எத்தனை பரிசோதனையில் தேறினார்" என்ற வாதத்தை யாராவது எடுத்தால் இந்த வழக்கை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, ஊக்கமருந்து விதிக்கு வெளியே நிற்கும் தண்டனைகள். நைரோ கின்டானா 2022 டூரில் பிடித்த 6-வது இடத்தை இழந்தது டிராமடாலால். அந்த வலிநிவாரணியை உலக சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐ 2019 மார்ச் முதல் மருத்துவ விதியின் கீழ் தடைசெய்திருந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா பந்தய நேரத்தில் அதைத் தடைசெய்தது 2024-ல்தான். அதனால் கின்டானாவுக்கு முடிவு ரத்தானது, ஆடத் தடை வரவில்லை. இதை "ஊக்கமருந்தில் பிடிபட்டார்" என்று எழுதினால் தவறு.

எண்ணை எல்லையோடு சேர்த்துப் படியுங்கள்

சில பொருள்கள் எந்த அளவில் கிடைத்தாலும் மீறல். சிலவற்றுக்கு எல்லை உண்டு. ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமால் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராமைத் தாண்டினால் வீரர் விளக்கம் தர வேண்டும். 2017-ல் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் கிறிஸ் ஃப்ரூமின் மாதிரியில் 2000 இருந்தது. சிறுநீரின் அடர்த்தியைக் கணக்கில் எடுத்தபோது அது 1429 ஆனது. இந்தப் பொருளுக்குத் தற்காலிகத் தடை கட்டாயமில்லை என்பதால் அவர் தொடர்ந்து ஓட்டி, 2018-ல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவை வென்றார். ஜூலை 2-ல் வழக்கு கைவிடப்பட்டது.

2014 ஜிரோவில் டியேகோ உலிஸ்ஸியின் மாதிரியில் 1900 இருந்தது. அவருக்கு 9 மாதத் தடை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து "நட்சத்திரத்துக்குத் தனிச் சட்டம்" என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பரிசோதனையைப் பற்றிய அறிவியல் வாதமே மாறிவிட்டது. ஆனால் அந்த வாதத்தை நிபுணர்களையும் வழக்கறிஞர்களையும் வைத்து மாதக்கணக்கில் நடத்தப் பணம் வேண்டும். அது எல்லா வீரருக்கும் வாய்ப்பதில்லை, இதைத் தயங்காமல் சொல்லலாம்.

எல்லை இல்லாத பொருளுக்கு ஆல்பர்ட்டோ கோன்டடோர் உதாரணம். 2010 டூரின் ஓய்வு நாளில் எடுத்த மாதிரியில் கிளென்பியூட்டரால் மில்லிலிட்டருக்கு 50 பிக்கோகிராம். உடலில் அது எப்படி வந்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதால் 2012-ல் விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டாண்டுத் தடை விதித்தது. இன்றைய விதியில், 5 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தால் இறைச்சி வழியாக வந்திருக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 50 பிக்கோகிராம் என்பது அதில் நூற்றில் ஒரு பங்கு. பழைய வழக்கை இன்றைய விதியால் அளக்காதீர்கள். இன்றைய வழக்கைப் பழைய விதியாலும் அளக்காதீர்கள்.

ரத்தப் பாஸ்போர்ட்டை எப்படிப் பார்ப்பது

யூசிஐ 2008-ல் தொடங்கிய இந்த முறை மருந்தைத் தேடுவதில்லை. ஒரே வீரரின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் வரிசைப்படுத்தி, மருந்து விட்டுப்போன தடத்தைத் தேடுகிறது. பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின், புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம். இரண்டையும் சேர்த்து "ஆஃப் ஸ்கோர்" கணக்கிடுகிறார்கள். புதிய அணுக்களின் சதவீதத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை 60-ஆல் பெருக்கி, ஹீமோகுளோபினிலிருந்து கழிக்க வேண்டும்.

கணக்குக்காக ஒரு வீரரை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 145, புதிய அணுக்கள் 1.0 சதவீதம். ஸ்கோர் 85. பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பு ரத்தத்தை எடுத்துச் சேமித்தால் ஹீமோகுளோபின் குறையும், உடல் ஈடுகட்டப் புதிய அணுக்களைப் பெருக்கும்: 138-ம் 1.69-ம் என்றால் ஸ்கோர் 60. பந்தயத்தின் நடுவில் அந்த ரத்தத்தைத் திரும்ப ஏற்றினால் எலும்பு மஜ்ஜை "போதும்" என்று உற்பத்தியைக் குறைக்கும்: 160-ம் 0.36-ம் ஆனால் ஸ்கோர் 124. 60-லிருந்து 124-க்குத் தாவும் இந்த ஏற்ற இறக்கம்தான் நிபுணர்களை நிறுத்திப் பார்க்க வைக்கும்.

இங்கே தவறு நேரும் இடங்களும் தெரிய வேண்டும். மூன்று வாரப் பந்தயத்தில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா பெருகுவதால் ஹீமோகுளோபின் தானாகவே இறங்கும்; சந்தேகம் எழுவது அது இறங்காமல் அப்படியே நின்றால். உயரமான இடத்தில் பயிற்சி எடுத்தாலும் எண்கள் அசையும். உடற்பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, பத்து நிமிடம் உட்காரவைத்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அளவு பொய் சொல்லும். இதனால்தான் பெயர் மறைத்த அட்டவணையை மூன்று நிபுணர்கள் பார்த்து, மூவரும் ஒத்துப்போனால்தான் வழக்கு தொடங்குகிறது. ஒற்றை எண்ணை வைத்து யாராவது "பாஸ்போர்ட்டில் மாட்டினார்" என்றால் நம்பாதீர்கள்.

மலையேறும் நேரம் கேள்வி எழுப்பும், பதில் தராது

ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் உயரம் ஏறினார் என்று கணக்கிட்டு, அதைச் சரிவின் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி 200 கூட்டிய எண்ணால் வகுத்தால், உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை வாட் என்று தோராயமாகக் கிடைக்கும். 8 சதவீதச் சரிவில் 1000 மீட்டரை 36 நிமிடத்தில் ஏறினால் மணிக்கு 1667 மீட்டர். 280-ஆல் வகுத்தால் 5.95 வாட். இந்தச் சூத்திரத்தைப் பரப்பியவர் பின்னாளில் வாழ்நாள் தடை பெற்ற மருத்துவர் மிக்கேலே ஃபெராரி. அதனால் சூத்திரம் தவறாகிவிடாது. ஆனால் பின்காற்று, முன்னே போகும் வீரரின் மறைவு, சைக்கிள், டயர், சாலையின் மேற்பரப்பு எதையும் அது அறியாது.

2024 டூரில் டடே போகச்சர், பிளாட்டோ டி பெய் ஏற்றத்தில் 1998-ல் மார்க்கோ பன்டானி எடுத்த நேரத்தைவிட 3 நிமிடத்துக்கு மேல் குறைவாக எடுத்தார். அந்த எண்ணைப் பார்த்துப் புருவம் உயர்வது இயல்பு. இப்போது மணிக்கு 120 கிராம் வரை கார்போஹைட்ரேட் உட்கொள்கிறார்கள், அணிகள் அடிவாரத்திலிருந்தே வேகத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. இவை எவ்வளவு நேரத்தை விளக்கும் என்று வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நேரத்தைக் குறித்து வையுங்கள், குற்றச்சாட்டாக எழுதாதீர்கள்.

நட்சத்திரத்தைச் சுற்றி யார் பிழைக்கிறார்கள்

சைக்கிள் பந்தயத்துக்கு டிக்கெட் கிடையாது. அணியின் பெயரே ஸ்பான்சரின் பெயர். ஸ்பான்சர் போனால் அணி போகும். பெரிய பந்தயத்தில் அணிக்கு எட்டு வீரர்கள். ஏழு பேர் காற்றை மறைத்து, தண்ணீர் போத்தல் சுமந்து, துரத்திப் பிடித்து, ஒருவரை வெல்ல வைக்கிறார்கள். பரிசுப் பணத்தை அணிக்குள் பங்கிடுவது வழக்கம். துணை வீரரின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள்தான். தலைவரைப் பற்றி வாய் திறந்தால் அடுத்த ஒப்பந்தம் கேள்விக்குறி, அதுவும் அந்த ஒரு அணியில் மட்டுமல்ல.

இதன் முழு வடிவத்தையும் ஒரே பிற்பகலில் பார்க்க வேண்டுமானால் 2004 டூரின் 18-வது ஸ்டேஜை (ஒரு நாள் ஓட்டத்தை) தேடிப் பாருங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் ஆலோசகராகவும் இருந்த ஃபெராரிக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிலிப்போ சிமியோனி, முன்னே பிரிந்த சிறு குழுவோடு சேரப் போகிறார். ஒட்டுமொத்தப் பட்டியலில் அவரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆம்ஸ்ட்ராங் தானே எழுந்து துரத்துகிறார். ஆம்ஸ்ட்ராங் அங்கே இருக்கும்வரை பெலோட்டான் அந்தக் குழுவை விடாது. முன்னே இருப்பவர்களின் வாய்ப்பும் போகும். சிமியோனி விட்டுக்கொடுத்து அவரோடு பின்னே வருகிறார். ஆம்ஸ்ட்ராங் கேமராவைப் பார்த்து உதட்டில் ஜிப் இழுப்பதுபோல் சைகை செய்கிறார். பேசினால் என்ன ஆகும் என்று அன்று ஒவ்வொரு இளம் வீரருக்கும் தெரிந்தது. 1999-ல் ஊக்கமருந்து பற்றிப் பத்திரிகையில் எழுதிய கிறிஸ்டோஃப் பாசோன்ஸ் டூரின் நடுவிலேயே விலகிப்போனதும் இதே அழுத்தத்தால்.

எனவே செய்தி வந்த வாரத்தில் சக வீரர்களின் நடத்தையைக் கவனியுங்கள். கோபம் பரிசோதகர் மீது திரும்புகிறதா, சம்பந்தப்பட்டவர் மீதா? 1966-ல் முதல் பரிசோதனைகளை எதிர்த்து டூர் வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடந்தார்கள். 1998-ல் ஃபெஸ்டினா அணியின் காரில் மருந்து பிடிபட்டபின், போலீஸ் சோதனையை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். கோபம் எப்போது திசை மாறுகிறதோ அப்போதுதான் மனப்போக்கு மாறத் தொடங்கியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மௌனம் எங்கே உடைகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும், மௌனத்தால் இனி லாபமில்லாத ஒருவரிடம். 2006 டூர் பட்டத்தை டெஸ்டோஸ்டிரோனால் இழந்த ஃபிளாய்ட் லாண்டிஸ், தடை முடிந்தும் பெரிய அணி எதிலும் இடம் கிடைக்காத நிலையில் 2010-ல் பேசினார். ஆம்ஸ்ட்ராங் வழக்கின் கதவு அங்கே திறந்தது.

பணத்தின் பக்கமும் இதே கணக்குத்தான். ஜெர்மன் நட்சத்திரம் யான் உல்ரிச்சின் காலத்தில் அந்நாட்டில் உச்சத்துக்குப் போன ஆர்வம், ஊழல் வெளியானதும் சரிந்தது. 2007 டூரின் நடுவில் ஏஆர்டி, இசட்டிஎஃப் தொலைக்காட்சிகள் நேரலையை நிறுத்தின; அதே ஆண்டு அணி ஸ்பான்சரான டி-மொபைல் விலகியது. ஒரு நட்சத்திரம் எவ்வளவு பெரிய சந்தையை உருவாக்கினாரோ, அவ்வளவு பேருக்கு அவரைப் பற்றிய உண்மை வெளிவராமல் இருப்பதில் அக்கறை இருக்கும். ஸ்பான்சர், ஒளிபரப்பாளர், ஏற்பாட்டாளர் ஆகிய மூவரின் அறிக்கைகளையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

வீரரின் அறிக்கையில் "நான் ஒருபோதும் பரிசோதனையில் தோற்றதில்லை" என்ற வாக்கியம் "நான் எடுக்கவில்லை" என்பதன் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு.

வழக்கு முடிந்தபின்

திரும்பி வருபவர்களை ஒரே தட்டில் வைக்காதீர்கள். டேவிட் மில்லர் தடைக்குப் பின் வெளிப்படையாகப் பேசினார். அலெஹாந்த்ரோ வல்வெர்டே, ஸ்பெயின் போலீஸின் ஊக்கமருந்து விசாரணையான ஆபரேஷன் புவெர்ட்டோவில் கிடைத்த ரத்தப் பையோடு டிஎன்ஏ பொருந்தியதால் தடைபெற்றவர். 2018-ல் உலகச் சாம்பியன் ஆனார். ரிஷார் விரென்க் 2000-ல் நீதிமன்றத்தில்தான் ஒப்புக்கொண்டார், ஆனாலும் பிரான்ஸ் ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். மன்னிப்பு, வாக்குமூலத்தைவிட ஆட்டக் கவர்ச்சியைப் பொறுத்தே கிடைத்திருக்கிறது. இது இளம் வீரர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பது எனக்குக் கவலை தரும் விஷயம்.

உங்கள் குறிப்பேட்டில் வெற்றியாளர் பட்டியல் வைத்திருந்தால் இறுதித் தீர்ப்புக்குப் பிறகு திருத்துங்கள், ஒரே விதியை எல்லா ஆண்டுக்கும் போடாமல். 2006 டூர் ஆஸ்கர் பெரெய்ரோவுக்கும் 2010 டூர் ஆண்டி ஷ்லெக்குக்கும் போனது. 1999 முதல் 2005 வரை யாருக்கும் தரப்படவில்லை, காலியாகவே விட வேண்டும். 1996-ல் வென்ற பியார்னே ரீஸ், சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ மருந்தை எடுத்ததாக 2007-ல் ஒப்புக்கொண்டார். ஆனால் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. மீறல் நடந்து எத்தனை ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம் என்ற காலவரம்பு அப்போது 8 ஆண்டு, 2015 முதல் 10 ஆண்டு. சமீபத்திய வெற்றிகளின் பக்கத்தில் அந்த 10 ஆண்டு முடியும் தேதியையும் எழுதி வையுங்கள்.